குவியத்தளத்தில் நடமாடும் ஒளியிழைகள்

ஆயிரம் காலக்ஸிகளின் நிறமாலையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தால் ரொம்பக் காலம் பிடிக்கும். தொலைநோக்கியின் குவியத்தளத்தில் ஒவ்வொரு காலக்ஸியின் பிம்பம் விழும் இடத்திலும் ஓர் ஒளியிழையின் நுனியை நிறுத்திவிட்டால், அத்தனை ஒளியும் ஒரே நேரத்தில் நிறமாலைமானிக்குப் போய்ச் சேரும். நுனியைச் சரியாக நிறுத்துவதுதான் பாடு.

ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் உள்ள 2டிஎஃப் கருவியில் ஒரே ரோபோ, காந்தப் பொத்தான்களில் ஒட்டிய 400 இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வைக்கும். அதற்கே ஒரு மணி நேரம் போல ஆகும் என்பதால் தட்டுகள் இரண்டு: ஒன்று வானைப் பார்க்கையில் மற்றதில் அடுக்கும் வேலை நடக்கும்.

அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள டெசி என்ற கருவியில் இழைக்கொரு ரோபோ, மொத்தம் 5,000. ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. விட்டமுள்ள இரண்டு மோட்டார்கள், தோளும் முழங்கையும்போல 3 மி.மீ. நீளத்தில் இரண்டு கைகள். ஆக 6 மி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் எட்டும். ஆனால் பக்கத்து ரோபோ 10.4 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது; கைகள் முட்டிக்கொள்ளாத பாதையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். முதல் நகர்வு குறியிலிருந்து கொஞ்சம் தப்பும். அதனால் இழைகளின் மறுமுனையில் விளக்கேற்றி, ஒளிரும் நுனிகளைச் சுமார் 12 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா படமெடுக்கிறது. அடுத்த நகர்வில் பிழை சில மைக்ரான்களுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறங்கிவிடும். சிக்கி நின்றுபோன ரோபோவும் வீணில்லை: அதன் நுனி வெற்று வானில் நின்றால், பின்னணி ஒளியை அளக்க உதவும்.

சிலியில் எழும் 39 மீட்டர் தொலைநோக்கியான இஎல்டியில் கணக்கே தலைகீழ். வானில் ஓர் ஆர்க்செகண்ட் (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) டெசியின் குவியத்தளத்தில் சுமார் 70 மைக்ரான், இங்கே 3.3 மி.மீ. நுனியை நிறுத்தும் துல்லியம் ஒரு பொருட்டே இல்லை. பிம்பம்தான் இழைக்குள் அடங்காது. அதை அறுகோண நுண்வில்லைகளால் கூறுபோட்டு, ஒவ்வொரு வில்லைக்குப் பின்னும் ஓர் இழை வைப்பது ஒரு வழி. 0.2 ஆர்க்செகண்ட் துண்டு 660 மைக்ரான், எஃப்/17.7 கற்றையை வில்லை எஃப்/3.5 ஆக்கினால் (எண் சிறுத்தால் ஒளிக்கூம்பு அகலம்) அது 130 மைக்ரானாகச் சுருங்கும். இப்படி அகன்ற, ‘வேகமான’ கற்றையில் இன்னொரு லாபமும் உண்டு. இழை வளைந்தாலோ நெருக்குண்டாலோ வெளிவரும் ஒளிக்கூம்பு அகன்று, ஓரத்து ஒளி நிறமாலைமானிக்கு வெளியே சிந்தும்; உள்ளே போகும் கூம்பு எவ்வளவு ஒல்லியோ, இந்தச் சேதம் அவ்வளவு அதிகம்.

நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கும் பதிவில் வளிமண்டலமும் குறுக்கிடும். வானம் சுழலச் சுழல ஒளிவிலகல் மாறி, பிம்பங்கள் ஒன்றுக்கொன்று நகரும். 0.1 ஆர்க்செகண்ட் நகர்ந்தாலே இஎல்டியில் 0.33 மி.மீ.: மேலே சொன்ன துண்டில் பாதி. பெருந்தொலைநோக்கிகளுக்கென யோசிக்கப்பட்ட ஸ்டார்பக்குகள் என்ற குட்டி நடைரோபோக்கள் இங்கே கைகொடுக்கலாம். ஒவ்வொன்றும், மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பியசோ பொருளாலான இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெற்றிட உறிஞ்சலால் கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொண்டு, மின்னழுத்தத்துக்கு வளைந்து, மாறி மாறிக் காலெடுத்து வைக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும், பதிவின் நடுவிலும் இடத்தைத் திருத்திக்கொள்ளும். உறிஞ்சல் போனால் மட்டும் பிடி விட்டுவிடும்.