சொல் விளக்கம்: பூட்

பினாங்கில் ‘பூட்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது காரின் பின்பக்கம். தமிழ்நாட்டார் டிக்கி என்பார்களே, அரிசி மூட்டை வைக்கும் அந்த இடம். அடுத்து, செம்பனைத் தோட்டத்தில் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணி. கணினியை இயக்கத்துக்குக் கொண்டுவரும் ‘பூட்’டுக்கு மூன்றாம் இடம்தான். என் பாட்டிக்கு இந்த மூன்றுமே தோன்றவில்லை. “கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை” என்று நான் புலம்பியதும், “சாவியை எங்கே வைத்தாய்?” என்று கேட்டார்.

அவர் காதில் விழுந்தது ‘பூட்டு’. அது முழுக்கப் பிழையும் அல்ல. மாட்டைப் பூட்டினால்தான் வண்டி கிளம்பும். சித்திரையில் பொன்னேர் பூட்டித்தான் உழவைத் தொடங்குவார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, ‘பூட்’ தமிழிலிருந்து போன சொல் என்று யாராவது கிளம்பிவிடக்கூடும். வேண்டாம். ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் தேடினால் உலகத்தில் எல்லாச் சொல்லும் நம்முடையதாகிவிடும்.

இதன் உண்மையான மூலம் ‘பூட்ஸ்ட்ராப்’. உயரமான காலணியின் பின்புறத்தில், பிடித்து இழுத்து மாட்டிக்கொள்வதற்காகத் தைத்திருக்கும் வார் அது. தன் காலணி வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது என்பது, நடக்கவே நடக்காத காரியத்தைக் கேலி செய்ய 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழங்கிய பேச்சு. 1950களில் கணினிக்காரர்கள் அந்தக் கேலியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சிக்கலும் அப்படிப்பட்டதுதான். சேமிப்பகத்தில் இருக்கும் நிரலை (புரோகிராமை) படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலோ சேமிப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மிகச் சிறிய துண்டு ஒன்றை முதலில் ஏற்றி, அது தன்னைவிடப் பெரியதை இழுத்து, அது இன்னும் பெரியதை இழுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

அந்தத் துண்டு எவ்வளவு சிறியது தெரியுமா? பழைய முறையில் பிரித்த வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) முதல் பகுதி 512 பைட்; பைட் என்பது சேமிப்பை அளக்கும் சிறு அலகு. அதிலும் நிரலுக்கு 446 பைட் மட்டுமே. மீதியில் தட்டின் பிரிவு அட்டவணையும் ஓர் அடையாளக் குறியும் இருக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் பிடிக்கிறது. எனவே இந்தச் சிறு பத்திகூட அதில் அடங்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘துவக்கு’, ‘தொடக்கு’, ‘இயக்கத் தொடக்கம்’ என்று பலவும் புழங்குகின்றன. துவக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஈழத்தமிழரிடம் சொன்னால் துப்பாக்கி என்று எடுத்துக்கொள்வார். காலணியை விடவே மனமில்லை என்பவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ இருக்கிறது. பாதத்தை மூடிக் காப்பது, அழகான சொல். ஆனால் கணினிக் கடையில் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

என் தேர்வு தொடங்கு, தொடக்கு என்ற இணை. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. பொத்தானை அழுத்தி நாம் தொடக்குகிறோம்; கணினி தொடங்குகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும் இரண்டையும் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. பெயர்ச்சொல்லாக மட்டும் ‘தொடக்கம்’ போதும். ‘தொடக்கு’ என்றால் கட்டு, பிணைப்பு என்றும் பொருள் உண்டு. காலணி வாருக்குப் பொருத்தம்தான். ஆனால் தீட்டு என்ற பொருளும் அதற்கு உண்டு, வீட்டில் பாட்டி இருக்கிறார்.

பழுது பார்க்கும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்கும். கணினியில் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். தொடக்கப் பேச்சே அங்கு இல்லை. தயாரிப்பாளரின் சின்னம் வந்து, பிறகு தொடங்கத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரை சொன்னால், கணினி உயிரோடு இருக்கிறது, தட்டைத்தான் தேடிக் காணவில்லை. கணினியில் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புக்குள் போய் வன்தட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கலாம், தட்டே போயிருக்கலாம். இருந்தால் தொடக்கக் கோப்புகள் கெட்டிருக்கலாம், எந்தச் சாதனத்தை முதலில் தேடுவது என்ற தொடக்க வரிசை மாறியிருக்கலாம். தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

வன்தட்டை மலாயில் ‘சக்ரா கெராஸ்’ என்பார்கள். நம் சக்கரமும் அந்தச் சக்ராவும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அந்தச் சக்கரம் ‘டிக், டிக்’ என்று தட்டத் தொடங்கினால் விளையாட்டு வேண்டாம். பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வன்தட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை காதை வைத்துக் கேட்டுவிட்டு, “முதலில் அணைத்துவிடு தம்பி” என்றார். தட்டைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகி, படிக்க முடியாமல் தவிக்கும் ஓசை அது. திரும்பத் திரும்பத் தொடக்கிப் பார்ப்பதும், தட்டுப் பரிசோதனையை மணிக்கணக்கில் ஓட விடுவதும் மிச்ச உயிரையும் வாங்கிவிடும். படங்களையும் கோப்புகளையும் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

இவ்வளவும் தெரிந்தவன் என்ற மிதப்பில், அன்று நான் மூடியைக் கழற்றிக் கேபிளைப் பிடுங்கி மாட்டி அரைமணி நேரம் போராடினேன். தட்டில் குறையில்லை. தொடக்க வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்தது. வெறும் பென்டிரைவ் ஒன்று பின்னால் செருகியபடியே கிடந்தது. அதன் வளையத்தில்தான் வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.