ஏஐயிடம் பி.என்.ஆர். கொடுக்கும் முன்

"அம்மாவின் சிங்கப்பூர் டிக்கெட் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்று ஏஐ உதவியாளரிடமே கேட்கிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஏஐ ஏஜென்ட்களை, அதாவது நமக்காக வேலைகளைச் செய்யும் ஏஐ உதவியாளர்களை, வெளி மென்பொருள்களோடு இணைக்கும் எம்.சி.பி. என்ற நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன்பின் இப்படிப்பட்ட கருவிகளை எழுதுவது சுலபமாகிவிட்டது. பி.என்.ஆர். என்ற விமான முன்பதிவு எண்ணும் பயணியின் கடைசிப் பெயரும் கொடுத்தால், கருவி புக்கிங்கை எடுத்து வந்து ஏஐ முன்னால் வைத்துவிடும். முன்பதிவு மென்பொருள்தான் என் தொழில். இந்தக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "சும்மா பார்க்கத்தானே" என்று பி.என்.ஆரையும் பெயரையும் தூக்கிக் கொடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு.

பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்து எண் கடவுச்சொல்லாகப் பிறந்ததே இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களில் சேபர் முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்த காலத்தில், கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஊழியர்கள் மட்டுமே. அவர்களுக்கு அது ஒரு கோப்பு எண், அவ்வளவுதான். இணையம் வந்தபின் அதே எண்ணைப் பயணிகளின் கையில் சாவியாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாவியைப் போர்டிங் பாஸிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் அச்சடிக்கவும் செய்கிறார்கள். இது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பதைக் கார்ஸ்டன் நோல், நெமான்யா நிகோடியெவிச் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாடு ஒன்றில் மேடையிலேயே விளக்கினார்கள். 2020இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த எண்ணை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண் வரை போய்விட்டார்.

புக்கிங்குக்குள் என்ன இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. விமானம், நேரம், இருக்கை மட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். டி.ஓ.சி.எஸ். என்ற வரியில் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றிருந்தால் அந்தப் பயணிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பொருள். எம்.ஓ.எம்.எல். என்பது முஸ்லிம் உணவு. ஆக, மதத்தையும் ஊகித்துவிடலாம். கைப்பேசி எண்ணும் இருக்கும். விமானம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்க, கருவி இத்தனையையும் வாரிக்கொண்டு வந்தால், எல்லாமே அந்த உரையாடல் பதிவில் உட்கார்ந்துவிடும். ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் மற்றவர்களின் விவரமும் சேர்ந்தே வரும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அதனால் கருவி எழுதுகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது: கேட்ட தகவலை மட்டும் திருப்பி அனுப்புங்கள். பாஸ்போர்ட் எண் ஏஐ ஏஜென்டின் கண்ணில் படவே வேண்டாம். ரத்து செய்வதையும் தேதி மாற்றுவதையும் தேடல் கருவியோடு சேர்க்காதீர்கள். அவை தனியாக இருக்கட்டும், ஆள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே நடக்கட்டும். பல விமான நிறுவனத் தளங்களில் பார்ப்பதற்குக் கேட்கும் அதே இரண்டு விவரங்களே ரத்து செய்யவும் போதும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, புக்கிங்கில் குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு, யார் எதை வேண்டுமானாலும் தட்டலாம். அங்கே யாராவது எழுதிவைத்த வாக்கியத்தை ஏஜென்ட் தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது.

அப்புறம் "உறுதியாகிவிட்டது" என்ற பதில். புக்கிங்கில் எச்.கே. என்ற நிலைக்குறியீட்டைப் பார்த்ததும் ஏஜென்ட் இப்படிச் சொல்லிவிடும். எச்.கே. என்றால் இருக்கை உங்கள் பெயரில் நிற்கிறது; டிக்கெட் போடப்பட்டதா என்பது வேறு சங்கதி. கெடு தேதிக்குள் டிக்கெட் போடாவிட்டால் அந்த இருக்கை தானாகக் கழன்றுவிடும். ஆகவே 13 இலக்க டிக்கெட் எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098. அந்த எண் வரவில்லையென்றால் டிராவல்ஸுக்கு உடனே போன் போடுங்கள்.

நம் பெயர்கள் தனிச் சிக்கல். இனிஷியல் வைத்துப் பழகிய நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் அந்த இடத்தில் இருக்கும், இன்னொருவருக்குக் கட்டம் காலியாகவே இருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சில இடங்களில் அதே பெயரை இரண்டு முறை போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் இதையெல்லாம் அறியாமல் பெயரை முன்பின்னாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு புக்கிங் இல்லை" என்று சாதிக்கும். பயந்துபோய் இன்னொரு டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். இ-டிக்கெட்டில் பெயர் சாய்கோட்டோடு (/) அச்சாகியிருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பதை எழுத்து மாறாமல் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் விமான நிறுவனத்திடமே கேளுங்கள்.