லின்ட்: தமிழில் பிசிறாய்வு

நிரலாளர்கள் நாள்தோறும் சொல்லும் ‘லின்ட்’ துணியோடு தொடர்புடைய சொல். ஆங்கிலத்தின் பழைய வழக்கில் ஆளிச் செடியையும் அதன் நாரையும் குறித்தது; பிறகு துணியில் ஒட்டும் நூல் துணுக்குக்குப் பெயரானது. 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களில் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் தம் கருவிக்கு இப்பெயரைச் சூட்டினார். நிரலை இயக்காமல், எழுதியதைப் படித்தே குறை சொல்லும் கருவி அது.

அன்றே அது சுட்டிய குறைகளுள் ஒன்று, ஒரே செயற்கூறு (ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும் நிரல் பகுதி) ஓரிடத்தில் மதிப்போடும் இன்னோரிடத்தில் வெறுங்கையோடும் திரும்புவது. கடையில் பில் போடும் நிரலை எடுத்துக்கொள்வோம். தொகை 1,000 ரூபாயைத் தாண்டினால் செயற்கூறு தள்ளுபடியைத் தருகிறது. தாண்டாவிட்டால் என்ன தருவது என்பதை எழுதியவர் மறந்துவிட்டார். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி இதைத் தடுக்காது. ‘வரையறுக்கப்படாதது’ என்ற மதிப்பை ஓசையின்றித் தந்துவிடும். 500 ரூபாயிலிருந்து அதைக் கழித்தால் வரும் விடை எண்ணே அல்ல! பெரிய தொகைகளை மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. சுழியத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு வரி இருந்தால் போதும். பைத்தான் மொழிக்கான லின்ட் கருவியான பைலின்ட் இக்குறையைத் தானாகவே சுட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கான இஎஸ்லின்டில் அதற்கான விதியை நாமே இயக்கிவைக்க வேண்டும், தவறாமல் இயக்கிவையுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பிழைதிருத்தி’ பொருந்தாது, லின்டின் முதல் வேலை சுட்டுவது, திருத்துவதன்று. ‘சரிபார்ப்பான்’ மிகப் பொது. நிரலை இயக்கிச் சோதிப்பதும் சரிபார்ப்புதானே?

நம்மிடம் ‘பிசிறு’ இருக்கிறது. திருப்பூர் ஆடை நிறுவனங்களில், தைத்த துணியைப் பெட்டியில் அடுக்கும் முன் பிசிறு வெட்டுவது தனி வேலை. நன்றாகப் பாடுபவரைப் பிசிறில்லாத குரல் என்கிறோம். துணி கிழியவில்லை, பாட்டு நிற்கவில்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை என்பதை இந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. பாதி வழிகளில் மட்டும் மதிப்புத் தரும் செயற்கூறும் அப்படிப்பட்டதே. ஆகவே லின்ட் செய்வதைப் ‘பிசிறாய்வு’ என்றும், கருவியைப் ‘பிசிறாய்வி’ என்றும் சொல்லலாம் என்பது என் துணிபு. ‘பிசிறுநீக்கி’ என்பதை, தானே திருத்தவும் செய்யும் கருவிகளுக்கு ஒதுக்கிவைப்போம்.