பணக்கார நோயா, உடற்பருமனா?

"வசதி பெருகப் பெருக, பணக்கார நோயும் பெருகுகிறது." உடல் எடை பற்றி ஏதாவதொரு ஆய்வு வெளியானால் போதும், மறுநாள் நாளிதழிலோ தொலைக்காட்சியின் அடிவரியிலோ இந்தச் சாயலில் ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது 'ஒபிசிட்டி'. அதற்குத் தமிழில் உடற்பருமன் என்ற சொல் ஊன்றிப் பல காலமாகிறது. மருத்துவமனைப் பலகையிலும் பாடநூலிலும் அதுவே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் 'பணக்கார நோய்' என்று எழுதும்போது மொழி கெடுவதோடு செய்தியும் தலைகீழாகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'ஒப்' என்ற முன்னொட்டும் உண்ணுதலைக் குறிக்கும் 'எடெரே' என்ற வினையும் சேர்ந்து 'ஒபீசுஸ்' ஆயிற்று. தின்று தின்று பெருத்தவர் என்பது பொருள். தமிழ்ச்சொல்லில் இந்தக் குற்றச்சாட்டே கிடையாது. பரு என்ற அடியிலிருந்து பருத்தல், பருமை, பருமன். முகப்பருவும் அந்த அடிதான். உடல் பருத்திருக்கிறது என்பதோடு சொல் நின்றுகொள்கிறது. ஏன் பருத்தது, யார் பருத்தார் என்று அது தீர்ப்பு எழுதுவதில்லை. ஒரு நோயின் பெயருக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. உடல் பருமன் என்று பிரித்து எழுதுவோரும் உண்டு. உடற்பயிற்சி என்று சேர்த்து எழுதும் கை இதையும் உடற்பருமன் என்றே எழுதலாம்.

பணக்கார நோய் என்பது இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நம் மொழியில் கொழுப்பும் செல்வமும் ஒரே அடியில் பிறந்தவை. கொழுமை என்றால் செழிப்பு. பழைய நூல்களில் கொழுங்குடி என்றால் செல்வக்குடி. இன்றும் கொழுத்த லாபம், கொழுத்த பணக்காரன் என்கிறோம். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்து "உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்றால் அது பாராட்டு. "என்னடி இப்படி இளைச்சுட்டே?" என்பது கவலை. பஞ்சம் பார்த்த ஊரில் சதை என்பது சேமிப்பு. அந்த நினைவு சொல்லில் தங்கிவிட்டது. சர்க்கரையையும் நம் பெரியவர்கள் பணக்கார வியாதி என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பார்த்த காலத்துக்கு அது பொருந்தியது. மொழிபெயர்ப்பாளர் எழுதுவது இந்தக் காலத்துக்கு.

வசதிக்கும் உடற்பருமனுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. சோபல், ஸ்டங்கார்டு என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த 144 ஆய்வுகளைத் தொகுத்து 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளரும் நாடுகளில் வசதி கூடினால் ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் பருமன் கூடியது. வளர்ந்த நாடுகளில் பெண்களிடம் அதுவே தலைகீழாக இருந்தது: வசதி குறைந்தவர்களிடம்தான் பருமன் அதிகம். பிரேசிலின் மொன்தெய்ரோ குழு 2004இல் வளரும் நாடுகளை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தது. பதினைந்தே ஆண்டுகளில் படம் மாறியிருந்தது. ஆளுக்குச் சராசரி தேசிய வருமானம், அன்றைய மதிப்பில், சுமார் 2,500 டாலரைத் தொடும்போதே பெண்களிடையே பருமனின் சுமை ஏழைகள் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஆக, நாடு வறுமையில் இருக்கும் வரை பருமன் பணக்காரரிடம் இருக்கும். நாடு கொஞ்சம் நிமிர்ந்ததும் அது இறங்கி வரும், பெண்களிடம் முதலில். நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு, அது புறப்பட்ட இடத்தின் பெயரை எப்படிச் சூட்டுவது?

கல்வி இதில் தனிக் கணக்கு. எகிப்தில் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. படிப்புக் குறைந்த பெண்களிடம் வீட்டு வசதி கூடக் கூடப் பருமனும் தெளிவாகக் கூடியது. உயர்கல்வி பெற்றவர்களிடம் அந்தப் பிணைப்பு தளர்ந்திருந்தது. பணம் வந்து படிப்பு வராத வீட்டில்தான் இடர் அதிகம். இதைத் தமிழில் 'படித்த பணக்காரர்களின் நோய்' என்று சுருக்கினால், ஆய்வு பிரித்துக் காட்டிய இரண்டையும் மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம்.

அடுத்த பிழை, மூலத்தில் கல்வி என்று இருப்பதை 'விழிப்புணர்வு' என்று மாற்றுவது. ஆய்வில் கல்வி என்றால் எத்தனை ஆண்டு பள்ளி, கல்லூரி சென்றார் என்ற கணக்கு. அதனால் வருவது அறிவு மட்டுமல்ல: என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம், கையில் மிஞ்சும் நேரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணிநேரம் நாற்காலியில் உட்காரும் காவலாளியை நினைத்துப் பாருங்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. மீதிப் பசியைச் சோறுதான் அடைக்க வேண்டும். இரவு முறை வேலையில் தூக்கத்தை விரட்ட டீயும் பஜ்ஜியும். எண்ணெயும் வெள்ளைச் சோறும் எடை கூட்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அவரிடம் இல்லாதது மாற்று. இவருக்கு வந்த பருமனைப் பணக்கார நோய் என்று அச்சடித்தால், படிக்கும் அவர் 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். சொற்பிழையால் வரும் கேடு இதுதான்.

வேறு இரண்டு போட்டிச் சொற்களும் உண்டு. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டும் நோட்டீஸ்காரர்கள் ஊளைச்சதை என்பார்கள். அது தொளதொளத்த சதைக்குப் பெயர், நோய்க்கு அல்ல. வசவின் வாடையும் அதில் உண்டு. சித்த மருத்துவத்தில் அதிதூலம் என்ற சொல் இருக்கிறது. தூலம் வடசொல்லின் தமிழ் வடிவம். அந்தத் துறைக்குள் அது இருக்கட்டும். பொது வழக்குக்குப் பருமன் போதும்.

பருமன் என்றால் வேதியியலில் கன அளவு அல்லவா, குழப்பம் வராதா என்று கேட்பவர்கள் உண்டு. மோலார் பருமனைப் படிக்கும் மாணவர் உடற்பருமன் என்ற சொல்லைக் கண்டு தடுமாறுவதில்லை. முன்னால் 'உடல்' நிற்கிறது. உண்மையான குழப்பம் வேறிடத்தில். மிகை எடை வேறு, உடற்பருமன் வேறு. இரண்டையும் 'அதிக எடை' என்று ஒரே சொல்லால் எழுதுகிறார்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் 25 முதல் மிகை எடை, 30 முதல் உடற்பருமன். இந்தியர்களுக்கு அதே எடையில் வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை இடரும் கூடுதல் என்பதால், 2009இல் வெளியான இந்திய மருத்துவ வழிகாட்டல் 23ஐ மிகை எடைக்கும் 25ஐ உடற்பருமனுக்கும் வரம்பாக வைத்தது. 160 செ.மீ. உயரமுள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் அவர் 76.8 கிலோவை எட்டினால்தான் பருமன். அந்த 2009 இந்திய அளவில் 64 கிலோவே எல்லை. நடுவில் 12.8 கிலோ. எந்த வரம்பு என்று சொல்லாத செய்தியில் 'பருமன்' என்ற சொல்லுக்கு உயிரில்லை.

வயிற்றுப் பருமன் என்பதையும் தனியாக எழுத வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது தெற்காசியருக்கான இடுப்புச் சுற்றளவு வரம்பு. இங்கே 'இடுப்பு' என்ற மொழிபெயர்ப்பே ஏமாற்றும். வேட்டி கட்டும் இடமோ பாவாடை நாடா இறுகும் இடமோ அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், நாடா சதையை அழுத்தாமல் அளக்க வேண்டும். பேண்ட் அளவு 34 அங்குலம், அதாவது 86 செ.மீ., வரம்புக்குள்தானே என்று நிம்மதி அடைபவரின் பெல்ட் தொப்பைக்குக் கீழே இருக்கும். நாடாவைச் சரியான இடத்துக்கு ஏற்றினால் 90ஐத் தாண்டிவிடுவது சாதாரணம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் 28.6 சதவீதத்தினருக்குப் பொதுப் பருமன் (உடல் நிறை எண்ணை வைத்துக் கணக்கிடுவது), 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்தப் 11 சதவீத இடைவெளி எங்கே போகும்?

இன்னொரு எண். தேசியக் குடும்பநல ஆய்வில், 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதத்தினரும் ஆண்களில் 28.2 சதவீதத்தினரும் உடல் நிறை எண்ணில் 25ஐ எட்டியோ தாண்டியோ இருந்தார்கள். 2019-21இல் அது 40.4, 37.0. ஆய்வறிக்கை இதை 'மிகை எடை அல்லது உடற்பருமன்' என்றே குறிக்கிறது. நம் தலைப்புகளில் அந்த 'மிகை எடை அல்லது' காணாமல் போகிறது. நாலைந்து ஆண்டுகளில் பத்துக்கு ஒரு பெண் கூடுதலாக இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார். அத்தனை பேரும் அதற்குள் பணக்காரர் ஆகிவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் இரண்டு கோரிக்கைகள். ஆய்வு 'தொடர்புடையது' என்றால் 'காரணம்' என்று எழுதாதீர்கள். வசதியும் பருமனும் சேர்ந்து காணப்படுவது ஒன்று, வசதி பருமனை உண்டாக்குவது வேறொன்று. நோயுற்றவரைக் 'குண்டர்கள்' என்று தலைப்பில் போடாதீர்கள். காவல் துறைச் செய்தியில் ரவுடிகளுக்கு வைக்கும் பெயரை நோயாளிக்கு வைக்கக் கூடாது. உடற்பருமன் உள்ளவர் என்றால் சில எழுத்துகள் கூடும், அவ்வளவுதான்.

முதலில் சொன்ன அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம்: "வசதி கூடும்போது முதலில் வசதியானவர்களிடமும், பின்னர் வசதி குறைந்தவர்களிடமும் உடற்பருமன் பெருகுகிறது, கல்வி கூடிய பெண்களிடம் அந்த வேகம் குறைவு."