சர்ப்ளஸ்: உபரியா, மிகையா?

தேவை போக மேற்கொண்டு இருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'சர்ப்ளஸ்'. வரவு செலவை விஞ்சினாலும், ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சினாலும், கிடங்கில் சரக்கு தேங்கினாலும் இச்சொல்லே ஆளப்படுகிறது.

இது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இதற்கு மூலமான இடைக்கால இலத்தீன் வடிவம் 'சூப்பர்ப்ளஸ்'. அதில் 'சூப்பர்' என்பது மேல், 'ப்ளஸ்' என்பது அதிகம். இலத்தீன் 'சூப்பர்' பிரெஞ்சில் 'சர்' எனக் குறுகியது. கூடுதல் கட்டணத்தைச் சுட்டும் 'சர்சார்ஜ்', மேற்பரப்பைச் சுட்டும் 'சர்ஃபேஸ்' ஆகியவற்றின் முற்பகுதியும் அதுவே.

தமிழில் இதற்குப் பெருவழக்காக உள்ளது 'உபரி'. மேல், மேலே என்று பொருள்படும் 'உபரி' என்ற வடசொல்லே இது. இலத்தீன் 'சூப்பர்', கிரேக்க 'ஹைப்பர்', ஆங்கில 'ஓவர்' ஆகியவை இதற்கு உறவுச் சொற்கள் என்பதால், சர்ப்ளஸுக்கு உபரி என்று எழுதுகிறவர் அறியாமலேயே அதன் முற்பாதியின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பைப் பயன்படுத்துகிறார்.

தமிழ் வேரிலிருந்து எடுப்பதானால் 'மிகை' பொருந்தும். மிகு என்னும் வினையடியில் பிறந்த இச்சொல், 'மிகைநாடி மிக்க கொளல்' என்னும் குறளில் (504) குணம், குற்றம் இரண்டனுள் எது விஞ்சி நிற்கிறது என்பதைச் சுட்டுகிறது. ஒன்றைவிட மற்றொன்று கூடி நிற்கும் அந்த அளவைத்தானே கணக்கேட்டிலும் தேடுகிறோம்! ஏட்டுச் சுவடிகளில் கூடுதலாகக் காணப்படும் செய்யுட்களைப் பதிப்பாசிரியர்கள் 'மிகைப்பாடல்கள்' என்று தனியே பிரித்துக் காட்டுவதும் இப்பொருளில்தான். மிகை என்றால் மிகைப்படுத்தல் நினைவுக்கு வரும் என்று தயங்குவோர் உண்டு. பற்றாக்குறைக்கு எதிராக நிறுத்தி, 'வரவு மிகை', 'வணிக மிகை' என எழுதினால் அக்குழப்பத்துக்கு இடமில்லை.

மீதி, மிச்சம், எச்சம் ஆகியவற்றை இவ்விடத்தில் ஆள்வது சரியாகாது. 'மீ' என்றால் மேல் என்பதால் மீதியின் அமைப்பு சர்ப்ளஸுக்கு நெருக்கமானதே; ஆனால் இன்றைய வழக்கில் அது செலவழித்தபின் கையில் நிற்பதை மட்டுமே குறிக்கிறது. நூறு தரத் துணிந்த ஒருவருக்கு ஒரு பொருள் எழுபதுக்குக் கிடைத்தால், பொருளியலார் நுகர்வோர் மிகை என்று கணக்கிடும் முப்பது அவர் உணரும் ஆதாயமே தவிர, வாங்கியபின் பையில் இருக்கும் மீதியன்று.

நீரியலில் புதுச்சொல்லே தேவையில்லை. பொறியாளர்கள் 'சர்ப்ளஸ் வியர்' என்பதற்குக் 'கலிங்கு' என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் இடம் அது. 'உபரிப் பணியாளர்' என்பதை மட்டும் 'மிகைப் பணியாளர்' என்று மாற்றுவதைவிடத் 'தேவைக்கு மேற்பட்ட பணியாளர்' என்று விரித்தெழுதுவது நல்லது.