கதம்பத்திலிருந்து உருவிய மரு

போன மாதம் ஒரு அம்மா வந்தார். மகளுக்குத் தலைவலி, மரு என்ற வாசனை இலையில் கஷாயம் வைத்துக் கொடுத்தும் கேட்கவில்லையாம். எந்த இலை என்று கேட்டேன், கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பூக்கடைக் கதம்பத்திலிருந்து உருவிய மரிக்கொழுந்து!

இரண்டும் வேறு செடிகள். மரு துளசிக் குடும்பம்: சிறிய முட்டை வடிவ இலைகள், தண்டில் எதிரெதிர் ஜோடியாக இருக்கும். மரிக்கொழுந்து சூரியகாந்திக் குடும்பம். இலை நுணுக்கமாகப் பிளவுபட்டு வெண்சாம்பல் நிறத்தில் இருக்கும். பல ஊர்களில் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது அந்தக் கதம்பம்தான். பூச்சந்தைக்கு வரும் தழை தலையில் சூட வளர்த்தது. பூச்சிமருந்து எப்போது தெளித்தார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. கழுவினாலும் முழுக்கப் போகாது. தயவுசெய்து வீட்டில் ஒரு தொட்டியில் மரு வையுங்கள். பூ விடாத தண்டை நான்கு விரல் நீளம் ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர்பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

வயிற்று உப்புசத்துக்கு ஐந்தாறு இலையை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்துக் குடிக்கலாம். கொதிக்க விடாதீர்கள், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாகக் குடிக்க வேண்டாம்.

பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிக்கு (பிசிஓஎஸ்) மரு டீ நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஜோர்டானில் 25 பெண்களிடம் ஒரு மாதம் நடத்தி, 2016இல் வெளியானது. டீ குடித்தவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு சற்று மேம்பட்டது. இவ்வளவு சிறிய ஆய்வை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

குப்பியில் விற்கும் மரு எண்ணெய் பல மடங்கு செறிவானது. அதைக் குடிக்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ ஒரு சொட்டுகூட வேண்டாம், மூச்சுத் திணறலாம்.

திடீரென்று வரும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், கைகால் பலவீனம் இருந்தால் இலையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தச் சிறுமிக்கு அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் வலிக்கிறது என்றாள். கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்று கேட்டதும் அம்மாவைப் பார்த்தாள். முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன்.