என்ஜின் போன பிறகும் நீளும் பானட்: மசில் கார் வடிவத்தின் அறிவியல்

பெரிய, சக்தி மிக்க என்ஜினுக்குப் பேர்போன அமெரிக்க மசில் காரை ஒரு முறை பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் எளிதில் மறக்காது. நீண்டு கிடக்கும் பானட், பின்னுக்குத் தள்ளி அமைந்த இருக்கைகள், தாழ்ந்த கூரை, குட்டையான பின்பகுதி ஆகிய நான்கும் சேர்ந்தால் பெயர்ப்பலகை இல்லாமலேயே அது எந்த வகைக் கார் என்று சொல்லிவிடலாம். இந்த வடிவத்தைத் தீர்மானித்ததில் வரைகலைஞரின் ரசனையைவிட என்ஜினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1964-ஆம் ஆண்டு பான்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் காருக்குள் 6.4 லிட்டர் வி8 என்ஜினைப் பொருத்தி ஜிடிஓ என்ற பெயரில் விற்றபோது இந்த வகைக்கு ஓர் இலக்கணம் கிடைத்தது. எட்டு சிலிண்டர்களும் காரின் நீளவாக்கில் அமர்ந்தன. அவற்றின் பின்னால் கியர் பெட்டி, அதிலிருந்து பின் சக்கரங்கள் வரை செல்லும் நீண்ட சுழல்தண்டு என்று வரிசை அமைந்தது. இந்த அமைப்பில் முன் சக்கரத்தின் அச்சுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையிலான தூரம் இயல்பாகவே கூடுகிறது. வடிவமைப்பாளர்கள் முதலில் அளந்து பார்ப்பது இந்தத் தூரத்தைத்தான், ஏனெனில் ஒரு காரைப் பார்த்ததும் நம் கண்ணில் படும் வலிமை பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

மின்சாரக் காரில் இந்தத் தேவை மறைந்துவிடுகிறது. மோட்டார்கள் அச்சுகளின் அருகிலேயே அடங்கிவிடும் அளவுக்குச் சிறியவை. பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. அப்படியிருக்க, பழைய மசில் கார் ஒன்றின் அடுத்த தலைமுறையை எந்த வடிவில் வரைவது? இந்தக் கேள்விக்கு வெளிப்படையாகவும் துணிவாகவும் விடை தேடியிருக்கும் கார் என்று நான் கருதுவது அமெரிக்க டாட்ஜ் நிறுவனத்தின் சார்ஜர். 2022 ஆகஸ்டில் கருத்து வடிவமாகவும் (கான்செப்ட்) 2024 மார்ச்சில் விற்பனை வடிவமாகவும் அறிமுகமான மின்சாரக் கார் சார்ஜர் டேடோனா, 1968-ஆம் ஆண்டின் சார்ஜரை நினைவில் வைத்து வரையப்பட்டது. இரண்டையும் அளவுகோலால் ஒப்பிட்டாலே சிக்கலின் மையம் தெரிந்துவிடும். 1968-இன் கார் சுமார் 5.28 மீட்டர் நீளம். புதியது சுமார் 5.25 மீட்டர். நீளத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். உயரமோ 1.35 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டராக ஏறியிருக்கிறது.

இந்தப் பதினைந்து சென்டிமீட்டரில் பெரும்பங்கு பேட்டரியைச் சேரும். 100 கிலோவாட்-மணி அளவுள்ள பேட்டரித் தொகுதியைத் தரைக்கு அடியில் வைத்தால் தரை உயர்கிறது, தரையோடு இருக்கை உயர்கிறது, இருக்கையில் அமர்பவரின் தலைக்கு இடம்விடக் கூரையும் உயர்கிறது. விபத்தில் கூரை நசுங்காமல் தாங்க வேண்டும் என்ற விதிகள் கடுமையாகியிருப்பதால் தூண்களும் தடிக்கின்றன. தாழ்ந்து படர்ந்திருப்பதே அழகு என்ற மரபில் வந்த காருக்கு இது பெரிய இடர்.

உயரத்தைக் குறைக்க முடியாதபோது உயரம் தெரியாமல் செய்வதுதான் வழி. 1968 சார்ஜரின் அடிப்படை மாடல் 14 அங்குலச் சக்கரங்களில் நின்றது. இன்றைய சக்தி மிக்க மாடல்கள் 20 அங்குலச் சக்கரங்களில் நிற்கின்றன. சக்கரம் பெரிதானால் அதற்கு மேலுள்ள உடல் கண்ணுக்குச் சிறிதாகிறது. கதவுகளின் அடிப்பகுதியைக் கருமையாக்கினால் அந்தப் பட்டை நிழலோடு சேர்ந்துவிடும். வண்ணம் பூசிய பகுதியை மட்டுமே கண் காராக எண்ணிக்கொள்ளும். சன்னல் கண்ணாடியின் உயரத்தைக் குறைப்பதும் இதே நோக்கத்தில்தான், ஆனால் அதற்கு விலையாக உள்ளே இருப்பவரின் பார்வை குறுகுகிறது.

இவற்றைவிட நுட்பமானது ஒளியைக் கையாளும் முறை. வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சியாஸ் வரைந்த 1968 சார்ஜரின் பக்கவாட்டு, கதவருகே இடுங்கி, பின் சக்கரத்தின் மேல் மீண்டும் புடைத்து, குளிர்பானப் புட்டியின் இடுப்பைப் போல வளைந்திருந்தது. வானத்தை நோக்கிச் சாய்ந்த பரப்பு ஒளியை வாங்குகிறது. தரையை நோக்கி உள்வாங்கிய பரப்பு இருளுகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் கோடு எவ்வளவு மேலே அமைகிறதோ, அதற்குக் கீழுள்ள சதை அவ்வளவு கண்ணிலிருந்து ஒதுங்குகிறது. கணினியில் வரைந்த பின்னரும் கார் நிறுவனங்கள் முழு அளவுக் களிமண் மாதிரியைக் கைவிடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சூடாக்கி இளக்கிய தொழிற்களிமண்ணைச் சட்டத்தின் மேல் அப்பி, எஃகுத் தகடுகளால் இழுத்து வழித்து, அதன்மேல் பளபளக்கும் மெல்லிய படலத்தை நனைத்து ஒட்டுவார்கள். பிறகு விளக்கு வரிசைகளின் பிரதிபலிப்பு அந்தப் பரப்பில் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். கோடு எங்கேனும் நெளிந்தாலோ திடீரென முறிந்தாலோ அந்த இடத்தில் வளைவின் வேகம் சீராக மாறவில்லை என்று பொருள்; கை தடவி உணர முடியாத பிழையையும் பிரதிபலிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த பெரிய சக்தி காற்று. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்ததைவிட 120-இல் அது நான்கு மடங்கு. பெட்ரோல் காரில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுவதால் இந்த இழப்பு கணக்கில் அமுங்கிவிடுகிறது. மின்சாரக் காரில் பேட்டரியின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்தை அடைந்துவிடுவதால், நெடுஞ்சாலையில் காற்று பறிப்பது அப்படியே பயணத் தூரத்தின் குறைவாகத் தெரிகிறது. செங்குத்தான முகமும் ஆழமான கிரில்லும் (காற்று நுழையும் முகப்புச் சட்டம்) கொண்ட மசில் கார் இங்கேதான் அடிவாங்க வேண்டியிருக்கிறது.

சார்ஜர் இந்த அடியை ஏற்கெனவே ஒரு முறை வாங்கியிருக்கிறது. 1968 மாடலின் கிரில் உள்ளே குழிந்திருந்தது. பின்கண்ணாடி, இருபுறமும் சரிந்திறங்கும் தூண்களுக்கு நடுவே பள்ளமாகப் பதிந்திருந்தது. பார்வைக்கு அத்தனை அழகு. ஆனால் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தளத்தில் முன்குழி காற்றைப் பிடித்து நிறுத்தியது. பின்பள்ளத்தில் காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து சுழன்று, பின்பகுதியை மேலே தூக்கியது. 1969-இல் வந்த சார்ஜர் 500 கிரில்லை முன்னுக்கு இழுத்து, பின்கண்ணாடியைத் தூண்களோடு சமன்படுத்தியது. அது போதாமல் அதே ஆண்டு, இன்றைய மின்சாரக் காருக்குப் பெயர் தந்த முதல் டேடோனா பிறந்தது. முகத்தில் கூர்மையான மூக்கு பொருத்தப்பட்டது; பின்னால் சுமார் 58 சென்டிமீட்டர் உயரத்தில், கூரை கலைத்துவிடாத காற்றில், ஓர் இறக்கை நின்றது. 1970 மார்ச் 24 அன்று பந்தய வீரர் பட்டி பேக்கர் டல்லடேகா தளத்தில் அந்தக் காரை மணிக்கு 200 மைலுக்கு மேல், அதாவது 322 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். நாஸ்கார் கார் ஒன்று மூடிய தளத்தில் ஒரு சுற்றின் சராசரியாக அந்த வேகத்தை அதிகாரப்பூர்வமாகத் தாண்டியது அதுவே முதல் முறை.

ஆனால் அந்த மூக்கு சார்ஜரின் முகத்தை முழுவதுமாக விழுங்கிவிட்டது. புதிய காரின் வடிவமைப்பாளர்கள் இந்த முரணுக்குக் கண்ட தீர்வுதான், ஆர்-விங் என்று டாட்ஜ் பெயரிட்டிருக்கும் முன் இறக்கை. எதிரே நின்று பார்த்தால் 1968-ஐப் போன்ற அகன்ற, நிமிர்ந்த, கரிய முகம் தெரிகிறது. அருகில் சென்று குனிந்தால், முகத்தின் மேல்விளிம்பு பானட்டிலிருந்து பிரிந்து பாலம்போல் நிற்பதும், அதற்கு அடியில் காற்று நுழைந்து பின்னால் தாழ்ந்திருக்கும் பானட்டின் மேல் வெளியேற வழி இருப்பதும் புலப்படும். கண்ணுக்குப் பானட் உயரமாகத் தெரிகிறது. காற்றுக்கோ அது தாழ்வாகவே இருக்கிறது. மேல்நோக்கித் திருப்பப்படும் காற்று, எதிர்வினையாக முன்பகுதியைக் கீழ்நோக்கி அழுத்துவதால் முன் சக்கரங்களின் பிடிப்பும் கூடுகிறது. பெரிய என்ஜின் அங்கே இல்லாததால்தான் இந்த வழியைத் திறக்க முடிந்தது. பழைய கோட்டுக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுத்த இந்த யோசனையை, அண்மைக் கால அமெரிக்கக் கார்களில் நான் கண்ட மிக நேர்மையான வடிவமைப்பு என்றே சொல்வேன். பின்புறமும் இதே போக்குதான்: கூரை மெல்லச் சரிந்து வால்வரை ஓடுகிறது, காற்று பரப்பைவிட்டுப் பிரியாமல் செல்கிறது, கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் பின்கதவால் டிக்கியின் இடமும் பெருகுகிறது.

முகவிளக்குகளின் கதை வேறு. 1940 முதல் 1983 வரை அமெரிக்க விதிகள் வரையறுத்த அளவுள்ள, கண்ணாடியும் இழையும் ஒன்றாக அடைத்து மூடிய விளக்குகளையே அனுமதித்தன. எல்லாக் கார்களும் ஒரே வட்ட விளக்குகளை அணிய வேண்டியிருந்ததால், அவற்றைக் கிரில்லுக்குள் மூடி மறைத்துத் தனித்துவம் தேடியது 1968 சார்ஜர். இன்று எல்இடி வந்துவிட்டதால் மெல்லிய ஒளிக்கீற்று முகத்தின் அகலம் முழுவதும் ஓடுகிறது. மறைப்பதற்காகப் பிறந்த கரிய பட்டை, ஒளியைத் தாங்கும் சட்டமாகியிருக்கிறது.

ஒலியையும் வடிவமைப்பின் பகுதியாக்கியிருக்கிறார்கள். குறைந்த வேகத்தில் மின்சாரக் கார்கள் பாதசாரிகளுக்குக் கேட்கும்படி ஒலி எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்க விதி. டேடோனா அந்த எல்லையை வெகுவாகத் தாண்டி, பின்புற ஒலியறைகளின் வழியே வி8 உறுமலைச் செயற்கையாக எழுப்புகிறது. ஆர்-விங்கில் இருக்கும் காரணத் தெளிவு இதில் இல்லை என்பது என் கருத்து. காற்றுவழி ஒரு வேலையைச் செய்கிறது. இந்த ஒலி நினைவை மட்டுமே மீட்டுகிறது.

இதே உடலில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ பெட்ரோல் என்ஜின் பொருத்திய சிக்ஸ்பேக் மாடலும் வந்துவிட்டது. அதன் சக்தி 420 அல்லது 550 குதிரைத்திறன். என்ஜினுக்கு இடம் தேவைப்படுவதால் அதன் பானட் மேலெழும்பி, வடிவம் மாறியிருக்கிறது. 2026-க்கு மின்சார வரிசையின் தொடக்க நிலை ஆர்/டி மாடல் விலக்கப்பட்டதிலிருந்து, சந்தை இன்னும் எந்தப் பக்கமும் முழுமையாகச் சாயவில்லை என்று தெரிகிறது. எனவே வரும் ஆண்டுகளின் மசில் கார், என்ஜினுக்கும் பேட்டரிக்கும் ஒரே உடலில் இடம்தரும் சமரசமாகவே இருக்கும். அந்தச் சமரசத்தில் முதலில் மாற வேண்டியது கூரையின் உயரம் என்று நான் கருதுகிறேன்: பேட்டரித் தொகுதி மெலிந்தாலோ, இருக்கைகளுக்கு அடியிலிருந்து அதன் ஒரு பகுதியை காரின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புப் பகுதிக்கு மாற்றினாலோ, அமர்பவரைக் கீழே இறக்கலாம். அப்போது 1968-இன் 1.35 மீட்டரை, கருப்புப் பட்டைகளின் துணையின்றியே மீண்டும் நெருங்க முடியும்.